அவுக மரத்தில் ஏறினாக

எதிர் ஃபிளாட் நித்யா அடுத்த மாதம் கனடா போகிறாள். அவள் புருஷனுக்கு அங்கே வேலை. போகிற ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று நடக்கிறதாம். அதில் டீச்சராகச் சேர இவள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டாள். இவளுக்கே தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். செம்பூரில் பிறந்து செம்பூரில் வளர்ந்த பெண், வேறு எப்படி இருக்கும்?

"ஆன்ட்டி, பாம்பேல பொறந்த பசங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவங்க நீங்க. எனக்கு ஏதாவது டிப்ஸ் எழுதிக் குடுங்களேன்" என்று என் சமையலறையில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்போது லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "டேய் விக்கி, பால் வாங்கினியாடா?" என்று குரல் கொடுத்தாள். விக்கி என்பது வேறு யாருமில்லை, புருஷன்தான்.

எனக்கு அதில் குறை ஒன்றும் கிடையாது. நல்ல பையன், கூப்பிட்டால் ஓடி வருகிறான். ஆனால் அந்தக் கூப்பாட்டைக் கேட்ட பிறகு டிப்ஸ் எழுத உட்கார்ந்தால் வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. ஆகவே நித்யா, டிப்ஸ் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். வாசிக்க முடியாவிட்டால் விக்கியை வாசித்துக் காட்டச் சொல்.

என் வீட்டுக்காரர் பெயர் கந்தசாமி. இதோ எழுதிவிட்டேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தக் காலத்துச் சட்டம் இதுதான்: கை எழுதலாம், வாய் சொல்லக் கூடாது. பெண்டாட்டி வாயால் பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். நான் டிரெயினிங் முடித்தவள். பூமி உருண்டை, கிரகணத்துக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். இதையெல்லாம் நம்பவே இல்லை. நம்பவில்லை என்பதற்காக ஒரு மனுஷனுடைய ஆயுசை வைத்துச் சோதனை செய்து பார்க்க முடியுமா?

அதனால் எனக்கு அவர் எப்போதும் 'அவுக'. ஐப்பசியில் நான் இருக்கிற சஷ்டி விரதத்துக்கு முன்னால் என்ன சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும், நான் சேர்க்க மாட்டேன். பம்பாயில் வெங்காயத்துக்குக் காந்தா என்று பெயர். கிட்டத்தில் வருகிறதே என்று பயந்து மாட்டுங்கா மார்க்கெட்டில் அதையும் விரலைக் காட்டித்தான் வாங்கினேன். அவுகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தெருமுனையில் திரும்பும்போதே "ஏ பூரணம்" என்று கத்திக்கொண்டுதான் வருவாக.

பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு செந்தூரில் ரயில். அறுபதுகளின் நடுப்பகுதி அது. அவுக குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினாக. தாராவியில் ஒரே ஒரு அறை, அதைக் கோலி என்பார்கள். ரயிலேறும் முன் மாமியார் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு வருசம் பாக்கேன். அங்க போயி டீச்சர் வேல கெடச்சு, அது நெரந்தரமாச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா மூட்டயக் கட்டிட்டு இங்க வந்து எருமையப் பாக்கட்டும். அவன் இத்தன நாளு தனியாத்தான இருந்தான், இனியும் இருப்பான்."

அவுக அம்மா பேச்சைத் தட்டமாட்டாக. அந்த எருமைக்கும் எனக்கும் கல்யாணத்தன்றைக்கே ஆகவில்லை. தொழுவத்துப் பக்கமாக நின்றவளின் கூறைச்சேலைத் தலைப்பைக் கடித்து ஒரு சாண் தின்றுவிட்டது. அந்த ஒரு வருஷமும் எனக்குக் கனவில் எருமைதான் வந்தது. கனவில் வேறு அது பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரும்.

வேலை கிடைத்தது, ஆனால் தற்காலிகம். ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வராத இடம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, "சரி" என்றால்தான் நிரந்தரம். தாராவியில் ஒரு மாடியில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. கூடத்தை நடுவில் பலகை அடித்து மறித்து, இந்தப் பக்கம் எங்கள் தமிழ் ஒன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் மராட்டி ஒன்றாம் வகுப்பு என்று வைத்திருந்தார்கள். பலகை ஆள் உயரம்தான், மேலே திறந்திருக்கும். ஆகவே இரண்டு வகுப்பும் இரண்டு பாடத்தையும் படித்தன. எங்கள் பிள்ளைகளுக்கு மராட்டி வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும்.

எனக்குப் பம்பாய்தான் வெளிநாடு. பிள்ளைகள் எல்லாம் நம் ஜில்லாக்காரர்கள் பெற்ற பிள்ளைகள்தான். முகத்தைப் பார்த்தால் நாங்குநேரி, வள்ளியூர் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால், தண்ணீர் குடிக்கப் போக, "டீச்சர், பானி பீனே ஜாவூங்?" என்பார்கள். சண்டை ஹிந்தியில், கணக்கு மராட்டியில், அடி வாங்கினால் அழுகை மட்டும் தமிழில். பாளையங்கோட்டையில் படித்த எந்த முறையும் இவர்களிடம் செல்லவில்லை. நான் பாடத்தை நடித்தே காட்டினேன். ஆடு என்றால் ஆடாக நின்றேன், தவளை என்றால் தவளையாகத் தாவினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தவளையாகத் தாவிக்கொண்டிருந்தபோது ஒருநாள் ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார்.

ஹெட்மாஸ்டர் வைத்தி சார் மாட்டுங்காவில் இருந்து வருவார். பூர்வீகம் பாலக்காடு. கஞ்சி போட்ட சட்டை, கையில் மடித்த குடை, வெயில்காலத்திலும் குடை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். கோபம் ஏற ஏற இன்னும் இறங்கும். மகா கோபமாக இருக்கிறார் என்றால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும், சத்தமே வராது. திட்டு வாங்குகிறவர் என்ன திட்டு என்று தெரிந்துகொள்ள முன்னால் குனிந்து காதைக் கொடுத்து நிற்க வேண்டும். தவளையாக உட்கார்ந்த நிலையிலேயே நான் காதைக் கொடுத்தேன். "டீச்சர், நீங்க எழுந்துண்டு பாடம் எடுக்கலாமே, ஆச்சோ?" என்றார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ஆச்சோ போடுவார்.

இப்படி ஆடு, தவளை எல்லாம் தாண்டி, தீபாவளி சமயத்தில் வாசிப்புப் புத்தகத்துக்கு வந்தோம். முதல் பாடத்தைத் திறந்தேன். மரத்தடியில் ஒரு பையன் படம். பக்கம் நிறைய அவன்தான்.

கந்தன் எழுந்தான். கந்தன் பல் துலக்கினான். கந்தன் மரத்தில் ஏறினான். கந்தன் கீழே விழுந்தான். கந்தன் அழுதான்.

இந்தப் புத்தகத்தை எழுதிய புண்ணியவானுக்கு உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லையா? ஒரு மாடசாமி, ஒரு கோபால், ஒரு சுப்பையா? நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"அவுக எந்திரிச்சாக."

"அவுக எந்திரிச்சாக" என்று வகுப்பு முழங்கியது.

"அவுக பல் வெளக்கினாக. அவுக மரத்துல ஏறினாக. அவுக கீழ விழுந்தாக."

விழுந்தான் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? பெயரைத்தான் மறைக்கிறோமே, மரியாதையையுமா விடுவது? கடைசி வரியை நான் வாசிக்கவே இல்லை. அவுக அழுதாக என்று சொல்ல மனசு வரவில்லை. பகல் முழுக்க லேத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன், பாவம். மணி அடிக்கிற வரைக்கும் நாலாவது வரியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

அந்த நாலு வரியும் பிள்ளைகளுக்கு எப்படிப் பிடித்துப்போனது என்கிறாய்! மரத்துல ஏறினாக என்று கையைத் தூக்குவார்கள், கீழ விழுந்தாக என்று சேர்ந்தாற்போல் தரையில் உருளுவார்கள். பலகைக்கு அந்தப் பக்கமும் தொப்பென்று சத்தம் கேட்கும். மராட்டிப் பிள்ளைகளும் விழுகிறார்கள் என்று அர்த்தம்.

வகுப்பில் விழாத பிள்ளை ஒன்றே ஒன்று, பேச்சி. அவளுடைய அப்பா அவுக வேலை பார்க்கிற பட்டறையிலேயே வெல்டிங் வேலை பார்த்தார். பெயர்தான் பேச்சி, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளில் இருந்து தமிழில் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஹிந்தியில் மட்டும் மழை மாதிரி பொழிவாள். இவளை எப்படித் தமிழில் வாய் திறக்க வைப்பது என்று நான் படாத பாடில்லை. அவளுக்கென்று தனியாகக் கல்லும் பந்தும் வைத்து, க எழுதி, ந் எழுதி, த எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை மத்தியானம் போனது.

ஒரு நாள் அவளாகவே புத்தகத்தோடு எழுந்து வந்தாள். விரலை வைத்து, "க... ந்... த... ன்" என்றாள். பிறகு சேர்த்து முழு வார்த்தையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்த வாய். தமிழில் அவள் வாசித்த முதல் வார்த்தை.

எனக்கு அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்று சொன்னால் இத்தனை நாள் நான் சொல்லிக்கொடுத்தது என்ன என்று கேட்பார்கள். வாய் தானாகவே, "அது அவுக" என்றது.

பேச்சி புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். "ஜூட்" என்றாள். பொய் என்று அர்த்தம். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் ஹிந்தியில்கூடப் பேசவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்னத்துக்கு மொகத்தத் தூக்கி வச்சிருக்க?" என்று அவுக கேட்டாக. "எல்லாம் ஒங்க பேரால வந்த வினை" என்றேன். அவுகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கத்து டீச்சர் குசும் பாயி. என் வயசுதான். மராட்டியில் பெண் டீச்சரைப் பாயி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஹிந்தியும் நான் ஹிந்தியும் சேர்ந்தால் எந்த ஊர் ஹிந்தியும் ஆகாது, ஆனாலும் மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான். சங்கராந்தி முடிந்து அவர்கள் வீடுகளில் மஞ்சள் குங்குமம் கொடுக்கக் கூப்பிடுவார்கள். என்னையும் கூப்பிட்டாள். போன இடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்துகொண்டு, "நாவ் கே, நாவ் கே" என்று ஒருத்தியைப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். புருஷன் பெயரைச் சொல்லு, பெயரைச் சொல்லு என்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர்களுக்கும் நம்மைப் போலத்தான், சாதாரணமாகச் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு கொல்லைப்புறக் கதவு வைத்திருக்கிறார்கள். இரண்டு வரியில் பாட்டுப் போல எதுகை கட்டி, நடுவில் பெயரைச் செருகிச் சொல்லிவிடலாம். அதற்கு உகாணா என்று பெயர். அப்படிச் சொன்னால் குற்றமில்லை, மங்களம். குசும் பாயி எழுந்து நின்று ஒன்று சொன்னாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

வெள்ளித் தட்டில் வெல்லக்கட்டி, மேலே பட்டுத் துணி;
வசந்தராவ் படுத்துக்கொண்டால் குறட்டை மட்டும் தனி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்து எல்லோரும் என் பக்கம் திரும்பி, "மதராஸி பாயி, நாவ் கே" என்றார்கள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்துவிட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார்களாம். என் கிண்ணம் அங்கேயே தங்கிவிட்டது. பெயரைச் சொன்னால்தான் தருவேன் என்று குசும் பாயி அதன் பிறகு தினம் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. வைத்தி சார் குரல் அன்றைக்கே இறங்கிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு, கரும்பலகைக்குக் கரி, பிள்ளைகளுக்கு நகம் வெட்டல். ஊரில் இருந்து மாமியாரும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். எருமை சினையாக இருக்கிறதாம், ஆள் தேவைப்படுகிறதாம்.

இன்ஸ்பெக்டர் சாஹேப் மராட்டிக்காரர். வழுக்கைத் தலை, கறுப்புக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. முதலில் ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டித் தூசி பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்காராமல் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எல்லாப் பள்ளிக்கும் அவர்தான் போய்ப் பார்க்க வேண்டும். தெரியாத பாஷையைச் சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒரே உருவத்தைத் தேடுவார். அதில் விரலை வைத்து ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்வார். அதே உருவம் கீழே எங்கே இருக்கிறதோ அங்கே விரலை வைத்து வேறொரு பிள்ளையைக் கேட்பார். இரண்டு தடவையும் ஒரே சத்தம் வந்தால் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறது. சத்தம் மாறினால் வெறும் மனப்பாடம்.

எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டு முதல் பாடத்தைத்தான் திறந்தார். அந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிற உருவம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பையன், "அவுக" என்றான். அடுத்த பெண், "அவுக" என்றாள். கடைசி வரிசையில் ஒரு தூங்குமூஞ்சியை எழுப்பிக் கேட்டார். அவனும் கொட்டாவியோடு "அவுக" என்றான். சாஹேப் முகம் மலர்ந்துவிட்டது. பல பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக ஒரே சத்தத்தில் வாசிக்கிற வகுப்பைப் பார்த்ததில்லை என்று ஹிந்தியில் சொன்னார். என் கண் முன்னால் இருந்து எருமை வாலை ஆட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்து போனது.

வந்த மனுஷன் அப்படியே போயிருக்கலாம் அல்லவா? எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டவர், போகிற போக்கில் புத்தகத்தை வைத்தி சாரிடம் நீட்டி, "ஹெட்மாஸ்டர்ஜி, நீங்கள் ஒரு தடவை வாசியுங்கள், காதுக்குக் கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

வைத்தி சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கணீரென்று, "கந்தன் எழுந்தான்" என்றார்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஹெட்மாஸ்டருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று. சாஹேப் சிரிக்கவில்லை. உருவத்தின் மேல் விரலை வைத்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "அவுக" என்று வகுப்பு கத்தியது. வைத்தி சாரைப் பார்த்தார். வைத்தி சார் புத்தகத்தில் இருந்ததை மறுபடி சொன்னார். சாஹேப் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்தை, இரண்டு சத்தம். எது சரி? நீ வாசி."

வாசிக்க வாய் வந்தால்தானே? நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். வைத்தி சார் என் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். உதடு மட்டும்தான் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன், அப்போதும் கேட்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் மராட்டிப் பிள்ளைகள், நான் பாடம் ஆரம்பிக்கத் தாமதமாகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களாகவே எடுத்துக்கொடுத்தார்கள். "அவுக மரத்துல ஏறினாக. அவுக கீழ விழுந்தாக." தொப்பென்று சத்தம் வந்தது.

"அந்தப் பக்கமும் தமிழ் வகுப்பா?" என்று கேட்டார் சாஹேப்.

"இல்லை, மராட்டி" என்றார் வைத்தி சார். அது கேட்டது.

சாஹேப் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஊருக்குப் போகிற ரயிலும், ஸ்டேஷனில் அவுக கை காட்டுகிறதும், தொழுவமும் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தன. அவுகளோடு இருக்க வேண்டும் என்றால் அவுக பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவுக இருப்பாகளோ மாட்டாகளோ.

அப்போது பேச்சி எழுந்து நின்றாள். "சாப்" என்று ஆரம்பித்து ஹிந்தியில் போட்டு உடைத்தாள். அந்தப் பெயர் டீச்சர் வீட்டுக்காரருடைய பெயர். அப்பாவோடுதான் பட்டறையில் வேலை பார்க்கிறார். அப்பா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் கூப்பிட்டால் மட்டும் செத்துப்போவாராம், அம்மா சொன்னாள், அதுதான் டீச்சர் பொய்யாக வாசிக்கிறாள்.

வைத்தி சாரின் குடை கீழே விழுந்தது. சாஹேப் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "என் வீட்டில் முப்பது வருஷமாக 'அஹோ' என்றுதான் கூப்பிடுகிறாள். சில நாள் ஆபீஸில் யாராவது பெயரைச் சொன்னால் நான் வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் பாயி, பிள்ளை படிக்கிற வார்த்தையை டீச்சர் சொல்லாமல் முடியாது. சொல்லாவிட்டால் நான் சரி என்று எழுத முடியாது."

பலகைக்கு மேலே ஒரு தலை எழும்பியது. ஸ்டூலில் ஏறி இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்த குசும் பாயி. "சாஹேப், உகாணாவில் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?"

சாஹேப் யோசித்தார். "உகாணாவில் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. என் அம்மா கல்யாணத்துக்குக் கல்யாணம் சொன்னாள். அப்பா எங்களை எல்லாம் அடித்து ஓய்ந்து, கிழவராகித்தான் போனார்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நாவ் க்யா, பாயி" என்றார், அதையே மரியாதையாக.

பலகைக்கு மேலே இன்னும் நாலைந்து மராட்டித் தலைகள் முளைத்தன. "நாவ் கே, நாவ் கே" என்று ஆரம்பித்தார்கள். எங்கள் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பேச்சி மட்டும் சேரவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முந்தின நாள் ராத்திரி அவுக சட்டையை மடியில் போட்டுப் பட்டன் தைத்ததுதான் நினைவுக்கு வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

செந்தூர் விட்டு ரயிலேறி தாராவிக்கு வந்தேன்;
கந்தசாமி சட்டைக்கு ரெண்டு பட்டன் தைச்சுத் தந்தேன்.

சொல்லி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குசும் பாயி ஸ்டூல் மேலேயே கை தட்டினாள். சாஹேப், "வாஹ்" என்றார். அர்த்தம் புரியாமல்தான் சொன்னார். வைத்தி சார் மொழிபெயர்த்ததும் பட்டனுக்கு இன்னொரு தடவை "வாஹ்" என்றார்.

பேச்சி என் எதிரில் வந்து நின்றாள். முதன்முதலாகத் தமிழில் பேசினாள். "டீச்சர், அன்னிக்கு நான் வாசிச்சது சரிதான?"

"சரிதாண்டி" என்றேன். "நீ அன்னைக்கே சரியாத்தான் வாசிச்ச. டீச்சர்தான் தப்பு." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என்னவென்று நினைத்தாளோ, "அழாதீங்க டீச்சர், அவுக சாவமாட்டாக" என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

வேலை நிரந்தரமானது. குசும் பாயி அன்று சாப்பாட்டு நேரத்தில் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் நங்கென்று வைத்தாள். இன்றைக்கும் தயிர் உறை ஊற்றுவது அதில்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனசு நிற்கவில்லை. உகாணா மராட்டிக்காரர்களுக்குத்தானே, நமக்குச் செல்லுமா என்று ஒரு சந்தேகம் கிளம்பிவிட்டது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் வாசலிலேயே நின்றேன். அவுக வழக்கமாக வருகிற நேரம் தாண்டிவிட்டது. ஆலைச் சங்கு ஊதி, அடுத்த சந்துக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள், அவுக வரவில்லை. ஓடும் ரயிலில் ஏறுகிற கெட்ட பழக்கம் வேறு உண்டு. நான் முருகா முருகா என்று நின்றேன். அந்தப் பெயரைச் சொல்வதில் ஆபத்தில்லை.

சந்துமுனையில் ஒரே கூச்சல். பார்த்தால் அவுக வருகிறாக, பின்னால் என் வகுப்பு முழுக்க வருகிறது. "செந்தூர் விட்டு ரயிலேறி" என்று ஒரு கூட்டம், "ரெண்டு பட்டன்" என்று இன்னொரு கூட்டம். ஸ்டேஷனில் இருந்தே நடக்கவிடாமல் சூழ்ந்துகொண்டார்களாம். அவுக முகம் வெட்கத்தில் கன்றிப்போயிருந்தது, ஆனால் வாய் காது வரைக்கும் இருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஏ பூரணம், ஊருக்கெல்லாம் சொல்லிருக்க. எனக்கு ஒருக்கச் சொல்லேன், கேப்போம்" என்றாக.

"நல்லா இருக்கீகள்லா, அப்படியே இருங்க" என்றேன்.

மறுநாள் காலையில் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாக. இரண்டு பட்டன் இல்லை. அறுந்து விழுந்த பட்டனுக்கு நூல் தொங்கும். இது பிளேடால் வெட்டிய நூல், எனக்குத் தெரியாதா? ஒன்றும் பேசாமல் தைத்துக் கொடுத்தேன். அவுக பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாக. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சண்டை போட்டால் மறுநாள் இரண்டு பட்டன் இருக்காது. தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுத்தால் அன்றைக்கே இருக்காது. பையன் பிறந்து, தாராவி விட்டுச் செம்பூர் வந்து, நான் ரிட்டையர் ஆகி, அவுகளும் ஆகி, இத்தனை காலமும் நான் தைத்திருக்கிறேனே தவிர வாயைத் திறக்கவில்லை. பேச்சி மட்டும் எப்போதாவது தன் பேரனைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவாள். வாசலில் நின்று அந்த இரண்டு வரியையும் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

அவுகளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கொஞ்ச வருஷமாகக் காது கேட்பதில்லை. போன வாரம் பையன் காதுக்குள் வைக்கிற மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் அவுக மிஷினை மாட்டிக்கொண்டு சட்டையோடு வந்தாக. இரண்டு பட்டன் இல்லை. கை நடுக்கத்தில் பிளேடு பட்டுத் துணியும் கொஞ்சம் கிழிந்திருந்தது.

பார்த்ததும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இனிமேல் ஆயுசில் குறைவதற்கு என்ன இருக்கிறது, கேட்டுவிட்டுத்தான் போகட்டுமே என்று தோன்றியது. ஊசியில் நூலைக் கோத்தேன். அவுக முகத்தைப் பார்க்காமல், பட்டனைப் பார்த்துக்கொண்டே, இரண்டு வரியையும் முழுசாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பெயரை இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவுக காதில் இருந்த மிஷினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாக.

"என்ன சொன்ன? இதுல பேட்டரி போட மறந்திட்டேன்."

"ஒண்ணுமில்ல. பட்டன் தைச்சாச்சுன்னு சொன்னேன்" என்றேன்.

இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. மூன்றாம் தடவை வேண்டும் என்றால் இன்னும் கொஞ்ச வருஷம் உட்கார்ந்து பட்டனை வெட்டட்டும்.